தோப்புக் கொட்டகையில் நிற்பது ஸ்பிட்ஃபயரா, ஹெரால்டா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக் கொட்டகையில் உங்கள் சின்னத் தாத்தாவின் சிவப்பு நிற இரண்டு சீட் கார் பல காலமாக நிற்கிறது. வீட்டில் அதை ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிறார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடந்த கார் பந்தயத்தில் ஓடியது என்றும் சொல்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் இல்லை. பின் நம்பர் பிளேட்டில் எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண் பாதி அழிந்து தெரிகிறது. கோயம்புத்தூரில் ஒருவர் மூன்று மாதத்தில் புதிதாக்கித் தருகிறேன், முதல் வேலையாக மணல் அடித்துப் பழைய பெயின்டை உரித்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது செலவுக் கணக்குக் கேள்வி. ஆனால் போகிற போக்கில் “வீட்டில் சொல்வது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். அதற்கு விடை கிடைக்காமல் யாராலும் உங்களுக்குச் சரியான செலவு சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

வேலந்தாவளம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது கோயம்புத்தூரில். ஹெரால்டு கார்களைப் பிரித்துப் பூட்டியே கை பழகியவன். ஸ்பிட்ஃபயரை எனக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அதன் எலும்பும் நரம்பும் ஹெரால்டுடையவை. உங்கள் காரை நான் பார்க்கவில்லை; நீங்கள் போட்டிருக்கும் இரண்டு படங்களும் தூரத்திலிருந்து எடுத்தவை. ஆகையால் இது இன்ன கார் என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நீங்களே தீர்ப்புச் சொல்ல என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பின்னணி. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. அப்போதே உடம்பைத் தாங்கத் தனி அடிச்சட்டம் (சேஸி) வைத்துக் கார் செய்வது பழைய பாணியாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஹெரால்டுக்குத் தனிச் சேஸி உண்டு. இந்த ஒரு காரணத்தால்தான் அதன் மேல் எந்த உடம்பை வேண்டுமானாலும் உட்கார வைக்க முடிந்தது. 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்டு இந்தியாவிலேயே தயாரானது. இங்கிலாந்தில் அதே சேஸியைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியின் கையால் இரண்டு சீட் உடம்பு போட்டு, 1962 அக்டோபர் லண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயரை வைத்தார்கள். 1147 சி.சி. என்ஜின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 63 குதிரைத்திறன், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்.

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாராகவே இல்லை. இங்கே இருக்கிற ஒவ்வொன்றும் கப்பலில் வந்தது. அந்தக் காலத்து இறக்குமதிக் கெடுபிடியில் ஒரு தோட்டக்காரர் நினைத்தவுடன் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வரவழைத்துவிட முடியாது. தூதரகத்தார் கொண்டுவந்து, பிறகு அரசு வாணிபக் கழகத்தின் வழியாக விற்றுப்போன கார்கள் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் உடன் கொண்டுவந்தவை உண்டு. எப்படி வந்தாலும் எங்கோ ஒரு சுங்கக் காகிதம் இருந்திருக்கும். அதே காலத்தில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்னொரு வேலையும் நடந்தது. ஹெரால்டை வாங்கி, உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேஸியை வெட்டிக் குறைத்து, தகரத்திலோ அலுமினியத்திலோ இரண்டு சீட் உடம்பு அடித்துப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்ட வண்டியையும் வீட்டில் “ஸ்பிட்ஃபயர்” என்று கூப்பிட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டில் எது என்று பார்க்க ஒரு டேப் போதும். முன் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து பின் சக்கரத்தின் நடு மையம் வரை அளந்து பாருங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் அளக்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் என்றால் 83 அங்குலம், அதாவது 2108 மி.மீ. ஹெரால்டு என்றால் 91.5 அங்குலம், 2324 மி.மீ. எட்டரை அங்குல வித்தியாசத்தில் கண் ஏமாற வழியில்லை. அளவு 91.5 என்று வந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது: அடியில் இருப்பது ஹெரால்டு சேஸி. 83 என்று வந்தால் மட்டும் அவசரப்பட்டுக் குதிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவு வந்தாலோ, இரண்டு பக்கமும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டாலோ, யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் அல்லது வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது.

அடுத்தது, பகல் வெளிச்சத்தில் கீழே படுத்துப் பாருங்கள். ஹெரால்டு சேஸியில் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு, கதவுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் இன்னொரு சட்டத்தைப் பிடித்திருக்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டம் கிடையாது. அந்தப் பாரத்தை உடம்பின் பக்கவாட்டுப் பெட்டித் தகடான சில்லே தாங்குகிறது. ஆக, 83 அங்குலம் வந்து, பக்கச் சட்டமும் இல்லாமல், நடுத்தண்டில் குறுக்கே வெல்டிங் தழும்பும் இல்லாமல் இருந்தால் அது ஸ்பிட்ஃபயர் சேஸி என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். டிஸ்க் பிரேக் இருக்கிறது, இரட்டைக் கார்புரேட்டர் இருக்கிறது என்பதையெல்லாம் சாட்சியாக வைக்காதீர்கள். அவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாறக்கூடியவை.

ஹெரால்டு என்று முடிவானால் மனம் உடைய வேண்டாம். 1962 முதல் 1980 வரை 3,14,000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்தார்கள். இன்றும் இங்கிலாந்தில் பணம் கொடுத்தால் ஒன்று கிடைக்கும். சோழவரத்துக்காக நம் ஊர்த் தகர வேலைக்காரர் ஒருவர் கையால் அடித்த உடம்பு உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அதற்குப் பந்தயச் சாட்சியும் கிடைத்தால், என் கணக்கில் அதுதான் பெரிய சொத்து. விலை விஷயத்தில் வாங்குகிறவர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்பது வேறு கதை.

இனி எண்கள். பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து ஒரே துண்டாகத் திறக்கும். திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தகட்டில் திருகாணியோ ரிவெட்டோ போட்ட சின்னத் தகடு ஒன்று இருக்க வேண்டும். ட்ரையம்ப் கம்பெனி அதைக் கமிஷன் எண் என்று சொன்னது. முதல் இரண்டு வகை ஸ்பிட்ஃபயருக்கு எஃப்.சி. என்று தொடங்கும், இரண்டாம் வகை எஃப்.சி. 50001இலிருந்து ஆரம்பம். 1967இல் வந்த மூன்றாம் வகைக்கு எஃப்.டி. என்று தொடங்கும். என்ஜின் எண் தகட்டில் இராது. பிளாக்கின் இடப்பக்கத்தில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, நேரடியாக வார்ப்பிரும்பில் குத்தியிருக்கும். மண்ணெண்ணெயும் பித்தளைப் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் தெரியும். உளி, கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். முதல் இரண்டு வகை ஸ்பிட்ஃபயரின் என்ஜின் என்றால் எஃப்.சி. என்று தொடங்கி எச்.இ. என்று முடியும். கமிஷன் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்காது. அவை வெவ்வேறு வரிசைகள், ஆகவே பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கார்களின் சேஸி இரும்பில் கமிஷன் எண்ணைக் குத்தும் வழக்கம் கம்பெனிக்கு இருக்கவில்லை. எல்லா அடையாளமும் அந்தச் சின்னத் தகட்டில்தான். நம் ஊர் மோட்டார் வாகன ஆய்வாளரோ சேஸி எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும் என்பார். அதற்காகவே இங்கே பல கார்களில் பிற்பாடு யாரோ எண் குத்தியிருப்பார்கள். சேஸியில் எண் குத்தியிருப்பதைக் கண்டால் அது கம்பெனி குத்தியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், திருட்டு வேலை என்றும் முடிவு கட்டாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். தகடு இல்லாமல் இருந்தாலும் புதிதாக ஒன்றைச் செய்து ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கள்ளத் தகடு ஒன்று ஏறிவிட்டால், பிறகு நீங்கள் காட்டும் உண்மையான சாட்சியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எண் கிடைக்காவிட்டாலும் காரின் வயதைக் காரே சொல்லும். டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார் எல்லாம் லூக்காஸ் கம்பெனியுடையவை. அவற்றின் உலோகக் கூட்டிலேயே செய்த காலத்தைச் சின்ன எண்களாகக் குத்தியிருப்பார்கள். கடைசி இரண்டு எண் ஆண்டு. நான்கையும் துடைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே ஆண்டின் சில மாதங்களுக்குள் அடங்கினால் கார் பிறந்தபடியே இருக்கிறது. ஒன்று 63, ஒன்று 71, இன்னொன்றில் எண்ணே இல்லை என்றால் பலர் கைபட்ட வண்டி. ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையிலும் எழுத்துகளுக்குக் கீழே ஊசிமுனைப் புள்ளிகள் இருக்கும். அவை ஆண்டின் கடைசி இலக்கத்தையும் எந்தக் காலாண்டு என்பதையும் காட்டுபவை. முன் கண்ணாடியில் மட்டும் ஆண்டு மாறுவது சகஜம். கல் பட்டு உடைந்து மாற்றியிருப்பார்கள். கதவுக் கண்ணாடி மாறியிருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

பெயின்டுக்கு வருவோம். மணல் அடிக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். டாஷ்போர்டுக்குப் பின்புறம், கதவின் உள் அட்டைக்கு அடியில், கமிஷன் தகட்டின் பின்னால், டிக்கியின் தரையில் எல்லாம் பின்னாளில் அடித்த பெயின்ட் போய்ச் சேர்ந்திருக்காது. முதல் நிறம் அங்கே ஒளிந்திருக்கும். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு நானூறாம் நம்பர் நீர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு வட்டமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் லேசாகவும் தேய்த்தால், ஒவ்வொரு முறை அடித்த பெயின்டும் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் கம்பெனி பிரைமர், அதன் மேல் முதல் நிறம், நடுநடுவே பட்டி, கடைசியில் இப்போதைய சிவப்பு. அதை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கமிஷன் தகட்டில் பெயின்டுக்கான கட்டத்தில் எண் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: ட்ரையம்ப் நிற எண்களில் கடைசி இலக்கம் 2 என்றால் சிவப்பு வகை, 5 பச்சை, 6 நீலம், 9 வெள்ளை. 32 என்றால் சிக்னல் சிவப்பு, 19 என்றால் வெள்ளை. தகடு 19 என்று சொல்லி, வளையத்தின் நடுவிலும் வெள்ளையே வந்தால் இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

பந்தயத்தில் ஓடியதா என்பதற்கும் பெயின்ட் முதல் சாட்சி. கதவிலும் பானெட்டிலும் பந்தய எண் எழுத வட்டமாக வெள்ளை அடித்திருந்தால், அந்த வட்டத்தின் விளிம்பு மேல் பெயின்டுக்கு அடியிலும் மேடாகத் தெரியும். மாலை வெயிலில் சாய்வாக நின்று பார்த்தால் கண்ணுக்குப் படும், விரல் நுனிக்கும் தட்டுப்படும். சீட்டுக்குப் பின்னால் கம்பி வளைவு பொருத்திய நான்கு துளை, பெல்ட் மாட்ட அடித்தளத்தில் பற்றவைத்த தடித்த தகடு, டாஷ்போர்டில் கூடுதல் மீட்டருக்காக வெட்டிய ஓட்டை, ஆயில் சம்ப் போல்ட்டின் தலையில் பாதுகாப்புக் கம்பி கோக்கப் போட்ட மெல்லிய துளை ஆகியவற்றையும் தேடுங்கள். கடைசியாகச் சொன்ன துளையைச் சாலையில் ஓடுகிற காருக்கு யாரும் போட மாட்டார்கள். இதையெல்லாம் மணல் இயந்திரம் அரைமணி நேரத்தில் அழித்துவிடும். உடம்பு அலுமினியமாகவோ மெல்லிய தகரமாகவோ இருந்தால் நெளிந்தும் போகும்.

ஆனால் பந்தயக் கார் என்பது ஒன்று, சோழவரத்தில் ஓடியது என்பது இன்னொன்று. சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே கட்டினார்கள். அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு நிகழ்ச்சி மலர் அச்சிடுவது வழக்கம், ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் அதில் இருக்கும். சென்னைப் பத்திரிகைகளும் முடிவுகளை வெளியிட்டன. உங்கள் சின்னத் தாத்தாவின் பெயரைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். வண்டியை வேறொருவர் ஓட்டியிருக்கலாம், அல்லது பந்தயத்துக்குப் பிறகுதான் இவர் வாங்கியிருக்கலாம். வீட்டு ஆல்பத்தில் அந்தக் கார் நிற்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாருடைய கையெழுத்து என்று. ஊரில் கார் இருந்தவர்கள் எல்லோரும் சோழவரம் பார்க்கப் போனார்கள். காரில் போய்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தது, இரண்டு தலைமுறை தாண்டியதும் பந்தயத்தில் ஓடியதாக மாறிவிடும். சின்னத் தாத்தாவை நான் சந்தேகப்படவில்லை. கதைகளின் சுபாவத்தைச் சொல்கிறேன்.

நம்பர் பிளேட் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல துப்பு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. அதனால் எம்.எஸ். எண் என்றவுடன் பழைய பாலக்காட்டு வண்டி என்று தோன்றும். ஆனால் ஹெரால்டே 1959இல்தான் பிறந்தது. அப்போது இங்கே கே.எல். எண் வந்துவிட்டது. ஆக இந்தக் கார் எல்லைக்கு அந்தப் பக்கம் பதிவானது, பிறகு இங்கே வந்தது. இதற்கு ஒரே விதிவிலக்கு: பழைய கார் ஒன்றின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு அதன் எண்ணைப் புது உடம்புக்கு மாட்டியிருந்தால். கையால் அடித்த வண்டிகளில் அதுவும் நடந்திருக்கிறது. எந்த ஊர் வரிசை என்பதை மூன்றாவது எழுத்து சொல்லும். அந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பி ரெஜிஸ்டர் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் உரிமையாளர், என்ஜின் எண், சேஸி எண், செய்த ஆண்டு, கைமாறிய தேதிகள் அதில்தான் இருக்கும். பழைய பதிவேடு இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் விட்டுவிடாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, இல்லை என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். அந்தக் காகிதமும் பிற்பாடு பயன்படும்.

கமிஷன் எண் உண்மையானது, கார் ஸ்பிட்ஃபயர் என்று உறுதிப்பட்டால், இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். ட்ரையம்ப் தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கட்டணம் கட்டினால் செய்த தேதி, முதல் என்ஜின் எண், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பியது போன்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். சென்னையில் செய்த ஹெரால்டுக்கு அந்தச் சான்றிதழை நம்பிப் பயனில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்பானர். போல்ட், நட்டெல்லாம் அங்குல அளவு. 13 மி.மீ. ஸ்பானர் அரை அங்குல நட்டில் உட்கார்வது போலத்தான் தெரியும். இரண்டு இழுப்பில் முனை மழுங்கிவிடும். ஏஎஃப் என்னும் அங்குல அளவு ஸ்பானர் செட் இல்லாத பட்டறைக்கு இந்தக் காரை அனுப்பாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்து என்ஜினை ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டுக் கையால் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். அப்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். முன்பக்கப் புல்லியின் பின்னால் தடித்த திருப்புளியைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். கிராங்க் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை அசையலாம், கண்ணால் பார்க்கிற அளவுக்கு டக், டக் என்று போய்வந்தால் பின் மெயின் பேரிங்கில் கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது விழுந்தேவிட்டது. இந்த என்ஜின் குடும்பத்தின் பிறவிக் குறை அது. அந்த நிலையில் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே போகும்.

முன் சக்கர ட்ரன்னியன் பற்றி ஹெரால்டு வைத்திருந்த எல்லோரிடமும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை இருக்கும்; அது வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்து, ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழலும். அதற்குக் கியர் ஆயில் தொண்ணூறுதான் போட வேண்டும். நம் பட்டறைப் பையன்கள் துளையைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, இறுகிப்போய் வழியை அடைக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி மரை துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் அந்த இரும்பு மரைக் கழுத்தில் முறிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். உங்கள் வண்டியில் நான்கு பத்தாண்டுக் கால கிரீஸ் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கச் செங்குத்து இரும்பையும் கழற்றி, சுத்தம் செய்து, விரிசல் சோதனை செய்யாமல் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரையின் திசை வேறு. பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு வேலையில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஸ்பிட்ஃபயர் என்றால் சில் தகடுதான் முதுகெலும்பில் பாதி. அது நிச்சயம் துருப்பிடித்திருக்கும். துருவைக் கண்டதும் வெட்டி எடுத்தால் உடம்பு நடுவில் தொய்ந்து, பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு பூட்டாது. உடம்பு சேஸி மேல் இருக்கும்போதே, கதவு வாயில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் பற்றவைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஹெரால்டு சேஸி என்றால் இந்தப் பயம் குறைவு.

உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மோசமில்லை. முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ராக், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆகியவற்றில் ஹெரால்டோடு பொதுவானவை நிறைய. சென்னை புதுப்பேட்டையிலும் பழைய பட்டறைகளின் பரணிலும் இன்னும் கிடைக்கின்றன. போரிங், கிராங்க் கிரைண்டிங், புஷ் கடைவது எல்லாம் கோயம்புத்தூரில் முடியும். 948, 1147 இரண்டு என்ஜினுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான், போர் மட்டும் 63, 69.3 என்று மாறும். எனவே பிஸ்டன் வாங்கும் முன் அளக்க வேண்டும், வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. தகடுகள், விளிம்பு ரப்பர், பிரேக் பாகம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். சுங்க வரியோடு கணக்குப் போடுங்கள். பிரேக்கில் மட்டும் பழையது எதையும் மீண்டும் பூட்டாதீர்கள்.

கோயம்புத்தூர்க்காரருக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் முடியும் என்றால் இரண்டு வழியில்தான் முடியும்: பட்டியில் மூடுவது, அல்லது மாருதி என்ஜினைத் தூக்கி வைப்பது. இரண்டாவது நடந்தால் சட்ட வழியும் அடைபடும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதியலாம். பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கினால் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் எடுத்துப் போகலாம்; தினசரி ஓட்டத்துக்கு அல்ல. ஆனால் சேஸி, உடம்பு, என்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஸ்பிட்ஃபயர் என்றால் இதில் தடையில்லை. வெட்டிய ஹெரால்டு என்றால் அதிகாரி கேள்வி கேட்பார். அந்த மாற்றம் அறுபதுகளிலேயே பதிவேட்டில் ஏறியிருந்தால் உங்கள் வாதம் பலமாகும். பி ரெஜிஸ்டர் பிரதியை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகவும்தான். ஆர்.சி. தொலைந்ததற்குக் காவல் நிலையச் சான்று, நகல் ஆர்.சி.க்கு 26ஆம் படிவம், சின்னத் தாத்தாவின் வாரிசுகள் பெயருக்கு மாற்ற 31ஆம் படிவம் என்று வரிசையாகப் போக வேண்டும். தாத்தாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாதீர்கள். பளபளவென்று ஆன பிறகு எல்லோருக்கும் பங்கு நினைவு வரும்.

அவரிடமே கொடுப்பதானாலும், அளவும் எண்களும் படங்களும் உங்கள் கையில் வந்த பிறகு கொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், துருப்பிடித்த தகடு உட்பட, உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்னால் சேஸிக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், காற்று போகட்டும். இரண்டு பக்க அளவையும், என்ஜின் எண்ணின் முதல் இரண்டு எழுத்தையும், நடுத்தண்டின் அடிப்பக்கப் படத்தையும் இங்கே போடுங்கள். முழு எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.